விரோதி வருஷத் தை: 1889ஆ, 1890ஆ?

ஏட்டுக்காரன்:
"குறிப்புச் செயலி ஒன்று போதும், குடும்பத்தின் ஏழு தலைமுறை வரலாறும் ஒரே மாதத்தில் கைக்குள்" என்று பைட் பாண்டி அளந்திருக்கிறார். சாட்சிக்குக் கொள்ளுத்தாத்தாவின் ஜாதக நோட்டுப் படம் வேறு. 'விரோதி வருஷம் தை மாதம்' என்று மசியில் பளிச்சென்று இருக்கிறது. கீழே இவர் வைத்த டேக், அதாவது தேட உதவும் அடையாளச் சொல், 1889. ஐயா, விரோதி பிறந்தது 1889 சித்திரையில். அதன் தை 1890 ஜனவரியில்தான் வரும். முதல் குறிப்பே கோணல்!

பைட் பாண்டி:
அறுபது வருஷப் பட்டியலில் விரோதிக்கு நேரே 1889 என்றுதான் இருக்கிறது. டேக் வருஷத்துக்கு, தேதிக்கு இல்லை. அப்சிடியன் என்ற குறிப்புச் செயலியில் 400 குறிப்பு வைத்திருக்கிறேன், எல்லாம் என் கணினியிலேயே வெறும் எழுத்துக் கோப்பாக. உங்களிடம் என்ன இருக்கிறது, டிரங்குப் பெட்டியா?

ஏட்டுக்காரன்:
டிரங்குப் பெட்டிதான். அதிலிருக்கும் கரையானுக்குக்கூடத் தை எப்போது வரும் என்று தெரியும். 1890.

மதுரை மீனா:
விரோதி அறுபது வருஷத்துக்கு ஒருமுறை திரும்ப வருமே. 1950 தையாக இருக்கக் கூடாதா?

பைட் பாண்டி:
இது கொள்ளுத்தாத்தாவின் ஜாதகம், அக்கா! என் அப்பா பிறந்ததே 1951.

மதுரை மீனா:
அதைக் குறிப்பில் எழுதினீர்களா? நாளைக்கு உங்கள் பேரன் குழம்பப் போகிறான்.

பைட் பாண்டி:
என் பேரன் கவலை உங்களுக்கு எதற்கு?

தெருக்கோடி:
செயலியை நம்பாதீர்கள். நான் வைத்திருந்தது திடீரென்று இலவசக் கணக்குக்கு 50 குறிப்புதான் என்றது. அம்மா வழிச் சொந்தம் சின்னத் தாத்தாவோடு நின்றுபோனது.

பைட் பாண்டி:
காசு கொடுக்க மனமில்லை என்று சொல்லுங்கள்.

தெருக்கோடி:
போன தீபாவளிக்கு என் ஸ்கேனை 'மங்கல்' என்று கிண்டல் செய்தவர்தானே நீங்கள்? மறக்கவில்லை.

ஏட்டுக்காரன்:
ஸ்கேன் பஞ்சாயத்து அப்புறம். பாண்டி, உங்கள் 400 குறிப்பில் 'முத்தையன்' என்று தேடுங்கள். 'முத்தையனுக்குக் கொடுத்த நிலம்' என்ற வரி வருகிறதா? வராது. உருபு சேர்ந்ததும் 'ன்' மேலிருந்த புள்ளி போய்விடுகிறது, தேடலுக்கு அது வேறு சொல். நான் நோட்டில் ஆளுக்கு ஒரு பக்கம் விட்டு, நிலம், கல்யாணம், கடன் எல்லாவற்றையும் அதிலேயே எழுதுகிறேன். பக்கம் புரட்டினால் முத்தையன் உட்கார்ந்திருப்பார். பத்திரம் பார்த்த தேதி, எந்த வீட்டு நோட்டு, யார் வாய்மொழி, எல்லாம் ஓரத்தில். நீங்களோ படத்தை ஒட்டி டேக் போட்டதும் ஆராய்ச்சி முடிந்தது என்கிறீர்கள். டேக்கும் தப்பு.

பைட் பாண்டி:
'முத்தைய' என்று தேடினால் வருகிறதே! உங்கள் நோட்டில் தேடல் பெட்டி எங்கே இருக்கிறது, அட்டையிலா?

ஏட்டுக்காரன்:
'முத்தைய' என்றால் முத்தையாவும் வருவார். அவர் உங்கள் பங்காளியா? சரி, அதை விடுங்கள். தை எந்த வருஷம்?

பைட் பாண்டி:
விரோதி வருஷம்.

ஏட்டுக்காரன்:
ஆங்கிலத்தில்?

பைட் பாண்டி:
டேக்கைப் பாருங்கள்.

மதுரை மீனா:
அந்தப் படத்தில் கிழமை போட்டிருக்கிறதா என்று யாராவது பார்த்தீர்களா?

ஏட்டுக்காரன்:
கிழமை எதற்கு அம்மா? 1890.