ராஜினாமா எழுதிக் கொடுத்தால் பழைய பணிக்காலம் என்னவாகும்?

வணக்கம். ராமேஸ்வரத்தில் யாத்திரிகர்களுக்கு வண்டியும் அறையும் ஏற்பாடு செய்து தரும் ஒரு பயண ஏஜென்சியில் 2021 ஜூலை முதல் முன்பதிவுப் பிரிவில் பணிபுரிகிறேன். 2025 ஏப்ரலில் புதிய பாம்பன் பாலம் திறக்கப்பட்டு ரயில்கள் மீண்டும் தீவுக்குள் வரத் தொடங்கிய பிறகு வேலை பெருகி, மண்டபத்திலும் கீழக்கரையிலும் கிளைகள் வந்தன; இப்போது தனி முதலாளியின் பெயரில் இருந்த நிறுவனம் பிரைவேட் லிமிடெட்டாக மாறுகிறது. இந்த வளர்ச்சியில் எங்கள் உழைப்பும் இருக்கிறது என்பதால் எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சிதான்.

ஆனால், பழைய ஊழியர்கள் அனைவரும் ராஜினாமா கடிதம் கொடுத்துவிட்டுப் புதிய நியமன ஆணை பெற வேண்டும் என்கிறார்கள். பணிக்கொடைக்கு (வேலையை விட்டு விலகும்போது நிறுவனம் தரும் கிராஜுவிட்டி தொகை) ஐந்தாண்டு தொடர் பணி தேவை. அந்த வரம்பை நெருங்கும் நேரத்தில் கணக்கு முதலிலிருந்து தொடங்கிவிடுமோ என்று அஞ்சுகிறேன்.

முதலாளியிடம் நேரில் கேட்டபோது எதுவும் மாறாது என்று வாய்மொழியாகச் சொன்னார். மின்னஞ்சலுக்குப் பதில் இல்லை. பி.எஃப். பழைய யுஏஎன் எண்ணிலேயே தொடரும் என்கிறார் கணக்காளர், பணிக்கொடை பற்றி அவருக்கும் தெளிவில்லை. எனக்குக் காட்டப்பட்ட வரைவு ஆணையிலோ பணியில் சேரும் நாளாக அடுத்த மாத முதல் தேதி இருக்கிறது, முந்தைய பணி குறித்து ஒரு வரிகூட இல்லை.

பழைய பணிக்காலம் தொடர்வதை உறுதிசெய்ய, கையெழுத்திடும் முன் புதிய ஆணையில் எந்த வாசகத்தைச் சேர்க்குமாறு நான் கேட்க வேண்டும்?