பிக்கப் குறைவு: கலைச்சொல் பரிந்துரை வேண்டும்

வணக்கம்.

வாகனப் பராமரிப்புச் சொல்தொகுப்பில் ஒரு பதிவு இழுபறியில் நிற்கிறது. ஓட்டுநர் 'பிக்கப் இல்லை' என்று சொல்வதை 'முடுக்கக் குறைபாடு' என்று எழுதியிருக்கிறோம். முடுக்கம் பள்ளி இயற்பியலில் நிலைபெற்ற சொல், முடுக்கியோடும் ஒத்துப்போகிறது. கூடவே, எஞ்சின் கணினி தானாகவே சக்தியைக் குறைத்து வண்டியை மெதுவாக ஓடவிடும் நிலைக்கு 'நொண்டி நிலை' என்று வரைவில் உள்ளது. ஆட்சேபணை இருந்தால் சொல்லுங்கள்.

தொகுப்பாளர், புக்கிட் பாத்தோக்

* * *

> 'முடுக்கக் குறைபாடு' என்று எழுதியிருக்கிறோம்

தலைப்புச் சொல்லாக இருக்கட்டும் அக்கா. வேலைச்சீட்டில் அது ஒன்றே இருந்தால் ஸ்பார்க் பிளக்கை மாற்றி அனுப்பிவிடுவார்கள், குறை அப்படியே இருக்கும். 'பிக்கப் இல்லை' என்பதற்குள் குறைந்தது மூன்று வெவ்வேறு கோளாறுகள் இருக்கின்றன. மூன்றுக்கும் தனிச்சொல் வேண்டும்.

ஒன்று, தயக்கம். பெடலை மிதித்ததும் ஒரு நொடி வெறுமை, பிறகு வண்டி எடுக்கிறது. த்ராட்டிலில் (எஞ்சினுக்குப் போகும் காற்றைத் திறந்து மூடும் வால்வு) படிந்த கரி, அழுக்கான காற்றளவு சென்சார், இன்டேக்கில் (காற்று நுழையும் குழாய்) காற்றுக் கசிவு என்று காரணங்கள் வரும். ஸ்கேனரில் எரிபொருள் திருத்தத்தை, அதாவது கணினி பெட்ரோலை எத்தனை விழுக்காடு கூட்டுகிறது, குறைக்கிறது என்பதைப் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். குறுகிய காலத் திருத்தத்தையும் நெடுங்காலத் திருத்தத்தையும் கூட்டிப் பாருங்கள். ±10 விழுக்காட்டுக்குள் இருந்தால் கவலை இல்லை. ஐடிலில் (பெடலை மிதிக்காமல் எஞ்சின் ஓடும்போது) +20 காட்டி, நிமிடத்துக்கு 2,500 சுற்றில் +5க்கு இறங்கினால் காற்றுக் கசிவு. ஐடிலில் நுழையும் மொத்தக் காற்றே கொஞ்சம் என்பதால் கசிவின் பங்கு அப்போதுதான் பெரிதாகத் தெரியும். மாறாக ஐடிலில் சரியாக இருந்து, மிதிக்க மிதிக்க ஏறினால் சென்சார் காற்றைக் குறைத்து அளக்கிறது, அல்லது பெட்ரோல் போதவில்லை.

சென்சாரைக் கழுவ அதற்கென்றே விற்கும் ஸ்ப்ரே மட்டும். பிரேக் கிளீனர், கார்புரேட்டர் கிளீனர் கூடாது. சென்சாருக்குள் இருக்கும் மெல்லிய கம்பியில் விரலோ துணியோ படக்கூடாது. நன்றாக உலர்ந்த பிறகே சென்சாரின் வயர் இணைப்பை மாட்ட வேண்டும். த்ராட்டிலைத் துடைத்தால் ஐடில் மறுபயிற்சி (கணினிக்கு ஐடில் அளவை மறுபடி பழக்குவது) செய்யுங்கள், இல்லையென்றால் சிக்னலில் நின்றதும் எஞ்சின் அணையும். மின்சார த்ராட்டிலின் தகட்டைக் கையால் அழுத்தித் திறப்பது பல்சக்கரத்துக்குக் கேடு.

இரண்டாவது, சமதளத்தில் மெதுவாகப் போகும்போது நன்றாக இருந்து, பிகேஇ விரைவுச்சாலை ஏற்றத்திலோ முந்தும்போதோ மூச்சு வாங்குவது. இதற்குச் 'சுமைத்தளர்ச்சி' என்கிறேன். மூன்றாவது, நழுவல். எஞ்சின் சுற்று ஏறும், வேகம் ஏறாது. கிளட்சோ கியர்பாக்ஸோ காரணம். அங்கே பிளக் மாற்றுவது வீண்செலவு.

பட்டறையிலிருந்து, காக்கி புக்கிட்

* * *

> 'சுமைத்தளர்ச்சி' என்கிறேன்

இது சரிவராது அண்ணே. சுமை என்றால் பின்பெட்டியில் ஏற்றிய மூட்டை என்றுதான் வாடிக்கையாளர் நினைப்பார். 'இழுவைத் தளர்ச்சி' என்போமா? 'வண்டி இழுக்கல' என்றுதானே எல்லாரும் சொல்கிறோம்.

நழுவலில் ஓர் எச்சரிக்கை சேர்க்க வேண்டும். சிவிடி (கியர் படிகள் இல்லாத ஆட்டோ) கியர்பாக்ஸில் பெடலை அழுத்தினால் சுற்று முதலில் தாவி, வேகம் பின்னால் வருவது இயல்பு. அதைக் கோளாறு என்று பதிந்தால் நல்ல பெட்டியைக் கழற்றுவார்கள். மேனுவல் வண்டியில் 4ஆம் கியரில் மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் முழுதாக மிதித்துப் பார்க்கலாம். வேகம் ஏறாமல் சுற்று மட்டும் துள்ளினால் கிளட்ச் தேய்ந்துவிட்டது.

* * *

'இழுவை' ஏற்கெனவே சக்கரம் தரையைப் பற்றுவதற்குப் புத்தகங்களில் இருக்கிறது. அங்கே 'பிடிமானம்' என்று மாற்றிக்கொண்டால் இங்கே இழுவையை விட்டுவிடலாம். எனக்கு இழுவைத் தளர்ச்சி சம்மதம்.

அதன் விளக்கத்தில் இரண்டு சோதனைகள் கட்டாயம் வேண்டும். முதலாவது பெட்ரோல் அழுத்தம். சாதாரண இன்ஜெக்டர் எஞ்சினில் பெரும்பாலும் 300 முதல் 400 கிலோபாஸ்கல். நின்ற வண்டியில் சரியாகக் காட்டும் பம்ப்பின் அழுத்தம், முழு மிதியில் விழுந்துவிடலாம். அதனால் ஓட்டிக்கொண்டே அளக்க வேண்டும், இன்னொருவர் அளவுமானியைப் பார்க்கட்டும். இரண்டாவது, வெளியேற்றக் குழாய் அடைப்பு. கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்கு (புகையைச் சுத்தப்படுத்தும் பெட்டி) முன்னுள்ள ஆக்சிஜன் சென்சாரைக் கழற்றி, அந்தத் துளையில் அழுத்தமானி மாட்டி 2,500 சுற்றில் பிடியுங்கள். 20 கிலோபாஸ்கலைத் தாண்டினால் அடைப்பு உறுதி.

கன்வெர்ட்டர் தானாக அடைவது அரிது. எரியாத பெட்ரோல் உள்ளே போய்ப் பற்றி, அதற்குள் இருக்கும் தேன்கூடு போன்ற அமைப்பை உருக்குகிறது. ஆகவே எந்த சிலிண்டர் எரியாமல் விடுகிறது என்று கண்டு, இக்னிஷன் காயிலையோ ஸ்பார்க் பிளக்கையோ சரிசெய்யாமல் புதிய கன்வெர்ட்டர் போட்டால் அதுவும் போய்விடும். எஞ்சின் விளக்கு மினுக்கினால் இந்தச் சேதம் நடந்துகொண்டிருக்கிறது என்று பொருள். 'போன மாதம்தான் இன்ஸ்பெக்ஷன் தேறியது' என்று வாதாடுபவர்கள் உண்டு. பெட்ரோல் வண்டியின் புகை அங்கே நின்ற நிலையில்தான் அளக்கப்படுகிறது, மிதிக்கும்போது வரும் அடைப்பு அதில் தெரியாது.

* * *

அடுத்த சொல்லுக்கு வருகிறேன்.

> 'நொண்டி நிலை' என்று வரைவில் உள்ளது

வேண்டாம். மனிதரை இழிவுபடுத்தும் சொல்லை இயந்திரத்துக்கு ஒட்ட வேண்டியதில்லை. 'தற்காப்பு நிலை' நல்ல சொல்தான், ஆனால் சிங்கப்பூரில் தற்காப்பு என்றதும் அமைச்சுதான் நினைவுக்கு வரும். 'வீடுசேர் நிலை' என்பது என் பரிந்துரை. கணினி அந்த அளவு சக்தியை விட்டுவைப்பதே வண்டி வீடோ பட்டறையோ போய்ச் சேரத்தான்.

* * *

வீடுசேர் நிலைக்கு என் வாக்கு. இதோடு சேர்த்து ஒரு குறிப்பு: சுற்று 2,000, 3,000க்கு மேல் ஏற மறுத்தால் முதலில் ஸ்கேனரில் கோளாறுக் குறியீட்டைப் படியுங்கள். பி2135 என்றால் த்ராட்டிலிலோ பெடலிலோ உள்ள இரட்டைச் சென்சார்களின் கணக்கு ஒத்துப்போகவில்லை. பி0299 என்றால் டர்போ அழுத்தம் போதவில்லை, இன்டர்கூலர் (டர்போ அனுப்பும் காற்றைக் குளிர்விப்பது) குழாயின் கிளாம்பிலிருந்து தேடத் தொடங்குங்கள். பேட்டரி வயரைக் கழற்றி மாட்டினால் சரியாகிறது என்று ஒரு வழக்கம் இருக்கிறது. குறியீடும், கோளாறு வந்த நொடியின் அளவுகளும் அதோடு அழிந்துபோகும். பட்டறைக்காரர் மறுபடி அது வரும்வரை காத்திருக்க வேண்டும்.

பிரேக் கேலிப்பர் (பிரேக் கட்டையை டிஸ்க்கில் அழுத்தும் பாகம்) விடாமல் பிடித்துக்கொண்டு வண்டி மந்தமாவதற்கு இன்னும் சொல் வைக்கவில்லை. ஓட்டி நிறுத்தியதும் நான்கு சக்கரத்தின் சூட்டையும் இன்ஃப்ராரெட் மானியில் ஒப்பிட்டால், ஒன்று மட்டும் வெகுவாகச் சுடும். 'பிரேக் பிடிவாதம்' என்று ஒருவர் சொன்னார். சிரித்தாலும், தள்ள மனம் வரவில்லை.