எல்லாம் ஒரே டெக்ஸ்ட் கோப்பில்: மும்பை நண்பர்களின் அனுபவங்கள்

செம்பூர் கணக்கர்:

குறிப்புகளையும் செய்ய வேண்டிய வேலைகளையும் வெறும் டெக்ஸ்ட் கோப்பில் எழுதி, பிறகு தேடி எடுக்க வசதியாக @, # போன்ற குறியோடு குறிச்சொல் போட்டு வைத்துக்கொள்பவர்கள் இங்கே பலர் இருப்பீர்கள். என் அனுபவத்தை முதலில் எழுதிவிடுகிறேன். உங்களுடையதையும் விரிவாகச் சொல்லுங்கள்.

ஃபோர்ட் பகுதியில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். துணிக்கடை, தோல் பட்டறை, சில ஹவுசிங் சொசைட்டிகள் என்று எல்லாரும் சிறிய வாடிக்கையாளர்கள். எங்களுக்கு மாதம் என்றால் தேதிகள்தான். 7-ஆம் தேதிக்குள் டிடிஎஸ், அதாவது பணம் கொடுக்கும்போதே பிடித்த வருமான வரியைக் கட்ட வேண்டும். மாதாமாதம் தாக்கல் செய்பவர்களுக்கு 11-ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-1 என்ற விற்பனை விவரம், 20-ஆம் தேதிக்குள் 3பி என்ற சுருக்க ரிட்டர்ன். இவை மனப்பாடம், எழுதி வைக்கத் தேவையில்லை. யார் எதைத் தருவதாகச் சொன்னார்கள், என்றைக்குச் சொன்னார்கள் என்பதைத்தான் எழுதி வைக்க வேண்டும். ரிட்டர்ன் தாமதமானால், பெரும்பாலும் ஏதோ ஒரு பில் கடைக்காரரின் மேஜை இழுப்பறையிலேயே கிடக்கிறது என்று அர்த்தம்.

அதனால் என் கோப்பில் அதிகம் புழங்கும் குறிச்சொல் @காத்திருப்பு. ஒரு வரி இப்படி இருக்கும்:

ஜூன் விற்பனைப் பட்டியல் +துணிக்கடை @காத்திருப்பு கேட்டது:2025-07-03

இந்த எழுத்துமுறை என்னுடையது அல்ல. 2006-ல் ஜினா டிரபானி வகுத்த டூடூ.டெக்ஸ்ட் முறை. ஒரு வேலைக்கு ஒரு வரி. எந்தக் காரியத்தைச் சேர்ந்தது என்பதற்குக் கூட்டல் குறி, எந்தச் சூழலில் செய்வது என்பதற்கு @ குறி. அவசரமானதற்கு வரியின் தொடக்கத்தில் அடைப்புக்குறிக்குள் ஓர் எழுத்து, முடிந்துவிட்டால் அங்கேயே ஒரு சிறிய எக்ஸ். கூடுதல் விவரம் வேண்டுமானால் நான் மேலே 'கேட்டது' என்று போட்டதைப் போல, ஒரு சொல், ஒரு முக்காற்புள்ளி, ஒரு மதிப்பு. இதற்கு மேல் இலக்கணம் கிடையாது. வரியின் தொடக்கத்தில் தேதி போடுவதானால், அதை ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் எழுதினால் எந்த எடிட்டரில் வரிசைப்படுத்தினாலும் பழையது முன்னால் வந்து நிற்கும்.

குறிச்சொல்லைத் தேர்ந்தெடுப்பதில் எனக்கு ஒரு திடமான கருத்து உண்டு. பொருளைப் பார்த்துக் குறிச்சொல் போடக் கூடாது. எங்கள் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த ஒரு தம்பி எல்லா வரிக்கும் #ஜிஎஸ்டி என்று போட்டு வைத்திருந்தார். அந்த வரிகளில் ஜிஎஸ்டி என்ற சொல் ஏற்கெனவே இருக்கிறது. தேடினால் அப்படியே வந்துவிடும். வரியில் இல்லாத, ஆனால் அதைத் தேடி வரும் நேரத்தில் எனக்குத் தேவைப்படுகிற செய்தியைத்தான் குறிச்சொல் சுமக்க வேண்டும். இதை வங்கிக்குப் போகும்போது செய்ய வேண்டுமா, தொலைபேசியிலேயே முடிந்துவிடுமா, பந்து என் பக்கம் இருக்கிறதா அவர் பக்கமா? அந்தத் தம்பியிடம் இதைச் சொன்ன பிறகு அவர் பட்டியலில் @வங்கி, @ஃபோன், @காத்திருப்பு என்று ஒரு சில மட்டுமே மிஞ்சின.

ஓர் உதாரணம் சொல்கிறேன். தாராவியில் இருக்கும் தோல் பட்டறைக்காரர் தொலைபேசியில் கிடைப்பதே அரிது. கிடைத்துவிட்டால் உடனே +தோல்பட்டறை என்று தேடுவேன். மார்ச்சில் கேட்ட வங்கி அறிக்கை, மே மாதத்து வாடகை ரசீது, பான் எண் இல்லாமல் வந்த ஒரு பில், எல்லாம் ஒன்றன் கீழ் ஒன்றாகத் திரையில் நிற்கும். ஒரே அழைப்பில் அத்தனையும் கேட்டுவிடுவேன். அவரும் சலித்துக்கொள்வதில்லை, ஏனென்றால் மறுபடி மறுபடி அழைப்பதில்லை அல்லவா.

காலையில் ஹார்பர் லைனில் நின்றபடி வருகிறேன், ஒரு கை கைப்பிடியில் இருக்கும். டெக்ஸ்ட் கோப்பு உடனே திறக்கும். சிக்னல் இல்லாவிட்டாலும் திறக்கும். அன்றைக்கு யார் யாரை அழைக்க வேண்டும் என்பது மஸ்ஜித் தாண்டுவதற்குள் தெளிவாகிவிடும்.

மாட்டுங்கா கேட்டரிங்:

அக்கா எழுதியதைப் படித்து மகிழ்ச்சி. நான் கணினியில் அதிகம் உட்காருகிறவன் இல்லை. கல்யாணம், உபநயனம், சஷ்டியப்தபூர்த்தி என்று சமையல் ஒப்பந்தம் எடுக்கிறோம். என்னுடைய கோப்பு முழுக்க ஃபோனில்தான்.

எனக்குக் குறிச்சொல் என்றால் சந்தை. பூவும் மாலையும் #தாதர். சேப்பங்கிழங்கு, வாழைப்பூ, சின்ன வெங்காயம் போன்ற நம்மூர்க் காய்கள் #மாட்டுங்கா. அரிசி, பருப்பு, வெல்லம் மொத்தமாக என்றால் #வாஷி. ஒரே வாரத்தில் மூன்று விசேஷங்கள் இருந்தால் மூன்றுக்கும் தனித்தனிப் பட்டியல் எழுதுவேன். ஆனால் வாஷி மார்க்கெட்டில் நிற்கும்போது #வாஷி என்று தேடினால் மூன்று பட்டியலிலிருந்தும் அங்கே வாங்க வேண்டியவை மட்டும் வந்துவிடும். நவி மும்பைக்கு வண்டி வைத்துக்கொண்டு போய், ஒரு மூட்டை பருப்புக்காக மறுநாளும் போவது கட்டுப்படியாகாது.

இன்னொரு குறிச்சொல் இருக்கிறது, அதை நான் மிகவும் மதிக்கிறேன்: #மிச்சம். ஒவ்வொரு விசேஷமும் முடிந்து பாத்திரம் கழுவும் நேரத்தில் அங்கேயே நின்று எழுதுவேன். எது மிஞ்சியது, எது போதவில்லை, வந்தவர்கள் சொன்ன எண்ணிக்கைக்குக் கூடவா குறைவா. 'மாலை வரவேற்பு, மழை, ரசம் இரண்டாம் முறை வைத்தோம், கேசரி பாதி அப்படியே' என்பது போன்ற வரிகள். அடுத்த முறை அதே மண்டபம், அதே பருவம் என்றால் அந்த வரிகளைப் படித்துவிட்டுத்தான் அளவு போடுகிறேன். உணவு வீணாவது எனக்குத் தாங்காது. என் தந்தை இதையெல்லாம் தலைக்குள் வைத்திருந்தார்; என் பிள்ளைகளுக்கு அது எழுத்தில் கிடைக்கும்.

ஆடி மாதத்தில் முகூர்த்தம் இல்லை. அப்போதுதான் கோப்பை உட்கார்ந்து ஒழுங்கு செய்வேன்.

முலுண்ட் மொழிபெயர்ப்பாளர்:

இருவருமே தமிழில் குறிச்சொல் எழுதுகிறீர்கள் என்பது மிகுந்த மகிழ்ச்சி. அதில் இருக்கும் சில கண்ணிகளைப் பற்றி எழுத வேண்டும் என்று நீண்ட நாளாக நினைத்திருந்தேன். எளிய தேடலில் இவை தெரியாது. நிரல் எழுதிக் குறிச்சொற்களைப் பட்டியலிட முயலும்போதுதான் தலைகாட்டும்.

என் நண்பர் ஒருவருக்காகப் பைத்தான் என்ற நிரல்மொழியில் ஒரு சிறு நிரல் எழுதித் தந்தார்கள். கோப்பிலுள்ள # குறிச்சொற்களையெல்லாம் எண்ணிக் காட்டும் நிரல். ஓட்டிப் பார்த்தால் பட்டியலின் உச்சியில் #வ என்று ஒரு குறிச்சொல்! அப்படி ஒன்றை அவர் எழுதியதே இல்லை. நடந்தது இதுதான். பைத்தானின் இயல்பான தேடல் விதியில் 'சொல்லெழுத்து' என்ற வகைக்குள் நம் மெய்ப்புள்ளியும் உயிர்மெய்க் குறிகளும் வருவதில்லை. #வீடு என்பதில் வகரத்தைப் படித்ததும், அடுத்து வரும் ஈகாரக் குறியை எழுத்தல்ல என்று கருதி அங்கேயே நிறுத்திவிடுகிறது. #வேலை என்பதும் அப்படியே. வீடும் வேலையும் சேர்ந்து ஒரே #வ ஆகிவிட்டன. #பள்ளி என்பது #பள என்று நின்றது. விம் என்ற எடிட்டரிலும் அந்த வகை ஆங்கில எழுத்துகளையும் எண்களையும் அடிக்கோட்டையும் மட்டுமே ஏற்கும். தீர்வு எளிது: 'எழுத்துகள் இருக்கும் வரை' என்று விதி எழுதாமல் 'அடுத்த இடைவெளி வரை' என்று எழுதச் சொல்லுங்கள். நண்பரின் நிரலில் அந்த ஒரு மாற்றத்தில் எல்லாம் சரியாயிற்று.

இரண்டாவது கண்ணி இன்னும் நுட்பமானது. எல்லா மொழி எழுத்துகளுக்கும் எண் தரும் பொதுத் தரமான யூனிகோடில் 'கோ' என்பதை இரண்டு வகையில் சேமிக்கலாம். ககரத்தோடு ஓகாரக் குறி ஒன்றாக, அல்லது ககரம், ஏகாரக் கொம்பு, கால் என்று மூன்றாக. திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். யூனிகோடு தரமும் இரண்டும் சமம் என்றுதான் சொல்கிறது. ஆனால் எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் எளிய தேடல் கருவி இரண்டையும் வேறு வேறாகவே பார்க்கும். ஃபோனில் தட்டிய #கோயில் வேறு, பழைய எழுத்துரு மாற்றியிலிருந்து வந்த #கோயில் வேறு என்றாகிவிடலாம். இதற்கு 'இயல்பாக்கம்' என்ற வழி இருக்கிறது. என்எஃப்சி என்ற சேர்த்தெழுதும் வடிவுக்குக் கோப்பை ஒருமுறை மாற்றிவிட்டால் எல்லாம் ஒரே வகையாகிவிடும். பைத்தானில் இதற்கான நூலகம் உடன் வருகிறது.

ஸ்ரீ என்ற எழுத்துக்கு அந்த மருந்தும் பலிக்காது. யூனிகோடின் 4.1 பதிப்பில், 2005-ல், ஶகரம் தனி எழுத்தாகச் சேர்ந்தது. அதற்கு முன்பு ஸகரத்தை வைத்து எழுதிய ஸ்ரீயும், பிறகு ஶகரத்தை வைத்து எழுதுகிற ஶ்ரீயும் பல எழுத்துருக்களில் ஒரே உருவம். இயல்பாக்கத்தில் இரண்டும் இணையாது. வாடிக்கையாளர் பெயர் ஸ்ரீயில் தொடங்கினால் குறிச்சொல்லில் அந்த எழுத்தைத் தவிர்த்துவிடுங்கள். அதுபோலவே ஔகாரத்தை ஒகரமும் ளகரமுமாகத் தட்டுகிறவர்கள் ஏராளம். #ஔவை என்று நீங்கள் தேடுவீர்கள், கோப்பில் ளகரம் இருக்கும்.

நான் பயன்படுத்துவது ஈமாக்ஸ் என்ற எடிட்டரில் உள்ள ஆர்க் மோடு என்ற குறிப்பு வசதி. கார்ஸ்டன் டொமினிக் என்ற வானியலாளர் 2003-ல் தன் சொந்தக் குறிப்புகளுக்காகத் தொடங்கியது. இன்று ஈமாக்ஸோடு சேர்ந்தே வருகிறது. அதில் குறிச்சொல் தலைப்பு வரியின் கடைசியில், இரு பக்கமும் முக்காற்புள்ளியோடு நிற்கும். எனக்கு அதில் மிகவும் பிடித்தது, மேல்தலைப்பின் குறிச்சொல் அதன் கீழுள்ள எல்லாத் தலைப்புகளுக்கும் தானாக இறங்குவதுதான். 'மருத்துவக் கையேடு :அவசரம்:' என்று மேலே எழுதினால் கீழே உள்ள அத்தியாயம் ஒவ்வொன்றும் அவசரம்தான். தனித்தனியே எழுத வேண்டாம். குறிச்சொல்லுக்குள் இடைவெளியோ சிறுகோடோ மட்டும் கூடாது, அடிக்கோடு போடலாம்.

கணக்கர் அம்மா சொன்ன கருத்தை நானும் ஆதரிக்கிறேன், ஒரே ஒரு விலக்கோடு. குறிப்புகளுக்கு, அதாவது வேலையாக இல்லாமல் படித்துச் சேர்த்து வைப்பவற்றுக்கு, பொருள்வழிக் குறிச்சொல்லும் தேவைப்படுகிறது. 'சிறுநீரகம்' பற்றிய என் கலைச்சொல் குறிப்பில் ஓரிடத்தில் 'நெஃப்ரான்' என்று இருக்கும், இன்னோரிடத்தில் 'டயாலிசிஸ்' என்று இருக்கும். பொதுச்சொல் வரியில் இல்லாதபோது அதைக் குறிச்சொல்தான் தர வேண்டும்.

செம்பூர் கணக்கர்:

அது விலக்கே அல்ல, ஐயா. வரியில் இல்லாததைக் குறிச்சொல் தருகிறது. நான் சொன்னதும் அதுதான். ஸ்ரீ பற்றிய செய்தி எனக்குப் புதிது. எங்கள் வாடிக்கையாளர்களில் பாதிப் பேரின் கடைப்பெயர் ஸ்ரீயில்தான் தொடங்குகிறது. இன்றே பார்க்கிறேன்.

சயான் வாசகர்:

ஓய்வு பெற்றவன். டெக்ஸ்ட் கோப்பு என்றென்றும் படிக்கக் கிடைக்கும் என்று எல்லாரும் சொல்கிறார்கள். தமிழைப் பொறுத்தவரை அது பாதி உண்மைதான். யூனிகோடு பரவலாவதற்கு முன்னால் நாங்கள் டிஸ்கி, டாப், டாம் என்று பல குறியேற்றங்களில், அதாவது எழுத்துக்கு எண் தரும் வெவ்வேறு முறைகளில் எழுதினோம். அந்தக் கோப்பை இன்றைக்கு அப்படியே திறந்தால் வரும் எழுத்துகளுக்குத் தலையும் இல்லை, காலும் இல்லை. நல்வாய்ப்பாக அந்நாளில் என்னுடன் பணியாற்றிய ஒருவரின் பழக்கத்தைப் பார்த்து, ஒவ்வொரு கோப்பின் முதல் வரியிலும் எந்த எழுத்துரு என்பதை ஆங்கிலத்தில் எழுதி வைத்தேன். அதனால் மாற்றிகளின் உதவியோடு எல்லாவற்றையும் மீட்க முடிந்தது.

இன்றைய தலைமுறைக்குச் சொல்வது: சேமிக்கும்போது யூடிஎஃப்-8 (யூனிகோடு எழுத்துகளைக் கோப்பில் சேமிக்கும் முறை) என்று இருக்கிறதா பாருங்கள். விண்டோஸ் நோட்பேடில் 2019-ல்தான் அது இயல்பான தேர்வாயிற்று. பழைய கணினியில் கவனம் தேவை. அதே நோட்பேடில் எஃப்5 விசையைத் தட்டினால் அன்றைய தேதியும் நேரமும் தானே விழும். என் நாட்குறிப்பு முழுவதும் அப்படித்தான்.

தானே மாணவி:

எல்லாரும் எழுதியதைப் படித்துவிட்டு நேற்று ஒரு கோப்பு தொடங்கியிருக்கிறேன். ஒரு சந்தேகம். பாடத்துக்கு ஒரு கோப்பு வைப்பதா, எல்லாவற்றுக்கும் ஒன்றா? ஒரே கோப்பு என்றால் பெரிதாகி ஃபோன் திணறாதா?

செம்பூர் கணக்கர்:

ஒன்றே போதும், கண்ணு. பாடத்தைக் கூட்டல் குறியால் பிரித்துவிடலாம். +இயற்பியல், +கணிதம் என்று எழுதினால் தேடும்போது தனித்தனியாக வரும், 'நாளை ஆசிரியரிடம் கேட்க வேண்டும்' என்பவை எல்லாப் பாடத்திலிருந்தும் @ஆசிரியர் என்ற ஒரே தேடலில் வரும். கோப்புகளைப் பிரித்தால் இரண்டாவது வசதி போய்விடும்.

அளவைப் பற்றிக் கவலை வேண்டாம். யூடிஎஃப்-8 முறையில் யூனிகோடின் ஒரு தமிழ்க் குறியீடு மூன்று பைட் எடுக்கும். பத்து லட்சம் குறியீடுகள் எழுதினாலும் மூன்று மெகாபைட்தான். ஃபோன் கேமராவில் எடுக்கும் ஒரு புகைப்படத்தின் அளவு. ஆனாலும் முடிந்த வரிகளை நான் கோப்பில் விட்டுவைப்பதில்லை. எக்ஸ் போட்ட வரிகளை மாதக் கடைசியில் வெட்டி, 'முடிந்தவை' என்ற இன்னொரு கோப்பில் ஒட்டிவிடுகிறேன். டூடூ.டெக்ஸ்ட் முறையிலேயே அப்படி ஒரு வழக்கம் உண்டு. போன வருடம் அந்தப் பில்லை எப்போது வாங்கினோம் என்று கேட்டால் அந்தக் கோப்பு பதில் சொல்லும்.

கேட்டரிங் தம்பிக்கும் சேர்த்து ஒன்று சொல்கிறேன். டெக்ஸ்ட் கோப்புக்குப் பூட்டு கிடையாது. ஃபோன் யார் கைக்குப் போனாலும் படிக்கலாம். வாடிக்கையாளரின் ஆதார் எண், வங்கிக் கடவுச்சொல், ஓடிபி எதையும் அதில் எழுதாதீர்கள். எங்கே இருக்கிறது என்று மட்டும் எழுதுங்கள்: 'பான் விவரம் பச்சை ஃபைலில் +துணிக்கடை'.