பழைய காரவனில் இரண்டாவது பேட்டரி: பட்டவர்கள் சொல்வது

லெஸ்டரிலிருந்து:

நாலு பேர் படுக்கும் 1997 மாடல் காரவன் (காருக்குப் பின்னால் இழுத்துப்போகும் சக்கர வீடு), மூன்றாம் கை. கரண்ட் கனெக்‌ஷன் உள்ள இடங்களில் நிறுத்தியவரை ஒரு குறையும் இல்லை. அப்புறம் ஆசை வந்தது. வேல்ஸில் ஒரு பண்ணை, ஐந்து வண்டிகளுக்கு மேல் விடமாட்டார்கள், கரண்ட் கிடையாது, ஆனால் காலையில் கதவைத் திறந்தால் எதிரே கடல். மூன்றாம் நாள் இரவு தண்ணீர் பம்பு முனக ஆரம்பித்தது. விளக்கெல்லாம் மஞ்சளடித்துவிட்டது. பேட்டரியில் மீட்டரை வைத்தால் 11.6 வோல்ட். ஈய பேட்டரி 12.2க்கு இறங்கினாலே பாதி காலி என்று கணக்கு. அதற்குக் கீழே அடிக்கடி போனால் ஆயுசு குறையும்.

ஊர் திரும்பியதும் பழையதோடு இன்னொரு 110 ஆம்ப் அவர் (ஒரு ஆம்பியர் வீதம் எடுத்தால் சுமார் 110 மணி நேரம் வரும்) பேட்டரியைச் சேர்த்துவிட முடிவு செய்தேன். சீட்டுக்கடியில் இடம் இருந்தது, கேரேஜில் மிச்சம் கிடந்த 2.5 சதுர மி.மீ. வயர் இருந்தது. ஒரே மதியத்தில் வேலை முடிந்தது. அடுத்த பயணத்தில் நாலு நாள் தாங்கும் என்று வீட்டில் வீராப்பாகச் சொல்லியும் விட்டேன். மூன்றாம் நாள் இரவு, அதே முனகல்!

உட்கார்ந்து யோசித்தபோதுதான் விஷயம் பிடிபட்டது. இரண்டு பேட்டரியுமே பாதி நிறைந்த நிலையில்தான் வீட்டைவிட்டுக் கிளம்பியிருக்கின்றன. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? காரவனோடு வந்த சார்ஜர் 13.8 வோல்ட்டில் அப்படியே நிற்கும் பழைய ரகம். ஒன்றை நிரப்பவே அதற்கு நாள் பிடிக்கும், இரண்டைக் கொடுத்தால் முதல் நாள் இரவு சொருகி மறுநாள் காலை கிளம்புவதெல்லாம் கதைக்கு ஆகாது.

சரி, கார் ஓடும்போது ஏறுமே என்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். கார் எஞ்சினிலிருந்து காரவன் பேட்டரிவரை என் வண்டியில் போக ஏழு மீட்டர், வர ஏழு மீட்டர், அதுவும் 2.5 வயரில். 10 ஆம்பியர் ஓடினால் வழியிலேயே கிட்டத்தட்ட ஒரு வோல்ட் போய்விடும். எஞ்சினோடு சுழன்று கரண்ட் தரும் ஆல்டர்னேட்டர் 14.2 கொடுத்தாலும் பேட்டரிக்கு வந்து சேர்வது 13.2. அதில் எவ்வளவு ஏறும்? ஐந்து மணி நேரம் ஓட்டியும் சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் ஏறவில்லை.

அதனால் செலவுப் பக்கம் பார்த்தேன். ஆறு ஹாலஜன் பல்பு, ஒன்று 10 வாட். மொத்தம் 5 ஆம்பியர், ராத்திரி நாலு மணி நேரத்துக்கு 20 ஆம்ப் அவர். 2 வாட் எல்இடி மாற்றியதும் அது 4 ஆகிவிட்டது. இரண்டு பேட்டரி சுமந்து செய்யாததை ஆறு பல்பு செய்தது. முதலிலேயே இதைச் செய்திருக்க வேண்டும்.

ஒரு தப்பையும் ஒப்புக்கொள்கிறேன். அந்த மிச்ச வயருக்கு நான் ஃபியூஸ் போடவில்லை. சீட்டுக்கடியில் வயர் தகரச் சட்டத்தின் விளிம்பில் உரசிக்கொண்டிருந்தது. ஒருநாள் மெத்தையைத் தூக்கினால் பிளாஸ்டிக் வாடை. உறை அழுத்தினால் விரல் பதியும் அளவுக்கு இளகி, ஓரிடத்தில் செம்பு பளிச்சென்று தெரிந்தது. குழந்தைகள் அந்த மெத்தையில்தான் படுப்பார்கள். இப்போது 16 சதுர மி.மீ. கேபிள், ஒவ்வொரு பேட்டரியின் பாசிட்டிவ் முனையை ஒட்டியே ஒரு ஃபியூஸ், சட்டத்தைத் தாண்டும் இடங்களில் ரப்பர் வளையம்.

கிளாஸ்கோவிலிருந்து:

எங்கள் வீட்டில் வயரிங் வேலை என்னுடையது, வண்டி ஓட்டுவது அவர். அண்ணா ஃபியூஸ் கதை சொன்னதால் நானும் ஒன்று சொல்கிறேன். பேட்டரி பெட்டிக்கு மேலே குனிந்து நட்டைத் திருகிக்கொண்டிருந்தேன். தாலிக்கொடி வெளியே விழுந்து இரண்டு டெர்மினலுக்கும் நடுவில் ஊசலாடிக்கொண்டிருந்தது. நல்லவேளை, மகள் பார்த்துக் கத்தினாள். ஆறு பவுன் செயின் ஷார்ட் ஆனால் கழுத்து என்ன ஆகும் என்று நினைத்தாலே இப்போதும் நடுங்குகிறது. அன்றிலிருந்து செயின், வளையல், மோதிரம் எல்லாம் கழற்றி டப்பாவில் போட்ட பிறகுதான் ஸ்பேனர். முதலில் கழற்றுவது நெகட்டிவ், கடைசியில் மாட்டுவதும் நெகட்டிவ். ஸ்பேனர் பிடியில் டேப் சுற்றியிருக்கிறேன்.

எங்கள் பிரச்சினை வேறு. காரவன் பழசு, கார் புதுசு. புதுக் கார்களில் பலவற்றில் ஆல்டர்னேட்டர் எரிபொருளை மிச்சம் பிடிக்க வோல்டேஜைத் தானாகக் குறைத்துக்கொள்கிறது. காரவன் பேட்டரிக்கு வரவேண்டியது வருவதே இல்லை. குறைந்து வரும் வோல்டேஜை ஏற்றிக் கொடுக்கும் டிசி டூ டிசி சார்ஜர் வைத்தால் சரியாகும்தான், ஆனால் டோ பார் (காரவனை மாட்டும் காரின் பின்பக்கக் கொக்கி) பிளக்கில் உள்ள ஊசிகளும் காரின் ஃபியூஸும் தாங்கும் அளவுக்குள்தான் வாங்க வேண்டும், பெரிதாக வாங்கிப் பயனில்லை. நாங்கள் அந்தக் காசில் கூரைக்கு 100 வாட் சோலார் போட்டுவிட்டோம். ஸ்காட்லாந்து வெயில் உங்களுக்குத் தெரியும்; ஆனாலும் ஜூனில் ராத்திரி பத்து மணிவரை வெளிச்சம் இருப்பதால் ஒரே பேட்டரி போதுகிறது. அக்டோபரில் பேனலை நம்பமாட்டோம்.

பிரிஸ்டலிலிருந்து:

எடையைப் பற்றி யாரும் பேசவில்லையே. ஈய பேட்டரி ஒன்று 25 கிலோ. நான் இரண்டாவதை முன்பக்கப் பெட்டியில் வைத்தேன், கேஸ் சிலிண்டருக்குப் பக்கத்தில்! பார்த்த மெக்கானிக் என்னை மேலும் கீழும் பார்த்தார். பேட்டரி முனையில் ஒரு பொறி, சிலிண்டரில் ஒரு கசிவு, அவ்வளவுதான். அதோடு என் டோ பார்மேல் காரவனின் முன்பக்கம் 75 கிலோ வரைதான் அழுத்தலாம், அதுவும் தாண்டியிருந்தது. இப்போது சக்கர அச்சுக்குப் பக்கத்தில் வைத்து, பெட்டியிலிருந்து வெளியே ஒரு குழாய் விட்டிருக்கிறேன். சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வரும், படுக்கைக்கடியில் அடைத்துவைக்கக் கூடாது.

லெஸ்டரிலிருந்து மறுபடி:

தங்கச்சி சொன்னது சரிதான், சோலார்தான் அடுத்த வேலை. அதற்குள் நான் செய்தது ஒன்று: பழசையும் புதுசையும் ஜோடி சேர்த்ததே தப்பு, தளர்ந்தது நல்லதையும் கூடவே இழுத்துவிடுகிறது. இரண்டையும் ஒரே அளவு, ஒரே வயதில் வாங்கி, பாசிட்டிவை ஒன்றிலிருந்தும் நெகட்டிவை மற்றதிலிருந்தும் எடுத்தேன், சுமை சமமாக விழட்டும் என்று. போன மாதம் அதே பண்ணை. ஐந்தாம் நாள் காலை 12.4. பம்பு வாயைத் திறக்கவில்லை.