கலைச்சொல்: ‘கைவச மேடை’ (இரண்டு இடங்களிலிருந்து ஓட்டக்கூடிய படகுகளுக்கு)

அன்புள்ள குழுமத்தாருக்கு,

வணக்கம். படகில் சுக்கானும் நெம்புகோலும் இருக்கும், ஓட்டுபவர் நிற்கும் இடத்துக்கு இந்த இழையில் இதுவரை ‘ஓட்டிடம்’, ‘சுக்கானிடம்’, ‘பிடியிடம்’, ‘நீகான் மேடை’ என்று நான்கு சொற்கள் வந்திருக்கின்றன. நான்கையும் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்துவிட்டே எழுதுகிறேன். இந்தச் சொல் எனக்கு ஏன் அவசரமாக வேண்டும் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

கடந்த கோடையில் கனடாவில், ஒன்ராறியோவின் டிரென்ட்-செவர்ன் நீர்வழியில் குடும்பமாகப் படகு வீடு ஒன்றை வாடகைக்கு எடுத்தோம். 386 கிலோமீற்றர் நீளமான அந்த வழியில், படகுகளை ஏற்றி இறக்கும் நீர்க்கதவுகள் நாற்பதுக்கு மேல் உண்டு. ஒன்றை நெருங்கும்போது அத்தான் மேல்தளத்தில் நின்று ஓட்டிக்கொண்டிருந்தார். கீழே, அறைக்குள் இருக்கும் இரண்டாவது சுக்கானுக்கு முன்னால் என் பெறாமகள் கதிரையில் முழங்காலிட்டிருந்தாள். வயது ஆறு. மேலே அவர், படகை முன்னுக்கும் பின்னுக்கும் செலுத்தும் நெம்புகோலைப் பின்னுக்கு இழுக்க, கீழே இருந்த நெம்புகோலும் தானாகவே பின்னுக்கு வந்தது. இரண்டும் ஒரே கம்பிவடத்தில் கோத்தவை. அத்தான் அதை நடுவில், அதாவது நியூட்ரலில், விட்டுவிட்டுக் கயிற்றை எடுக்கத் திரும்பினார். ஆள் இல்லாமலே அசையும் அந்தக் கறுப்புக் குமிழைப் பிள்ளை இரண்டு கைகளாலும் பிடித்து முன்னுக்குத் தள்ளினாள். படகு கொங்கிறீட் சுவரில் போய் மோதியது. ஒருவருக்கும் காயமில்லை, ஆனால் சுவருக்கும் படகுக்கும் நடுவே கையை நீட்டிக்கொண்டு நின்ற அக்காவை நினைத்தால் இன்றும் உடல் நடுங்குகிறது.

வாடகைக்குத் தந்தவர்கள் கழிப்பறைத் தொட்டியைப் பற்றிக்கூட விளக்கினார்கள். கீழிருந்தும் படகு ஓடும் என்பதைச் சொல்லவில்லை. அதனால்தான் இங்குள்ள தமிழ்க் குடும்பங்களுக்காக ஒரு பக்க அறிவுறுத்தல் எழுதத் தொடங்கினேன். இரண்டாவது வரியிலேயே சொல் இல்லாமல் நின்றுவிட்டேன். இனி, இழையில் ஒருவர் எழுதியதற்கு என் பதில்:

> ‘ஓட்டிடம்’ சுருக்கமானது. இருப்பிடம், பிறப்பிடம் போல அமைகிறது.

அமைப்பு சரிதான், ஐயா. ஆனால் ஓட்டு என்றதும் தேர்தல் நினைவு வருகிறது. ‘சுக்கானிடம்’ இன்னும் சிக்கல்: ‘அவனிடம்’ போல வேற்றுமை உருபாகப் படிக்கப்படும். ‘பிடியிடம்’ நானே முன்வைத்தது. இப்போது திரும்பப் பெறுகிறேன். பதற்றமான நேரத்தில் ஒருவர் மேலிருந்து “பிடி மேலே!” என்று கத்தினால், கீழே நிற்கும் பிள்ளை எதையாவது பிடிக்கும். ‘நீகான்’ அழகான சொல். சங்கப் பாட்டில் கலங்கரை விளக்கத்தின் ஒளி பார்த்துக் கலம் செலுத்தியவன் அவன்தான். ஆனால் இந்தத் தாளைப் படிக்கப்போகிறவர் முதன்முறையாகப் படகில் ஏறும் ஒரு தாய். அவருக்கு அகராதி தேடும் வேலையைக் கொடுக்க எனக்கு மனமில்லை.

ஆகவே இடத்துக்குச் ‘சுக்கான் மேடை’. கீழ்த்தளத்தில் இருப்பதை மேடை என்பதா என்று ஒருவர் கேட்டிருந்தார். சமையல் மேடையை நினைத்துப் பாருங்கள்: இடுப்பளவு உயரம், மேலே கையாளும் பொருள்கள். ஆறு வயதுப் பிள்ளைக்கு முகத்துக்கு நேரே நெம்புகோல்.

அடுத்தது முக்கியம். இரண்டு மேடைகளில் இப்போது எது படகை ஆள்கிறது? அதற்கு என் பரிந்துரை ‘கைவசம்’. ஆளும் மேடை ‘கைவச மேடை’. அதைக் காட்டும் விளக்கு ‘கைவச விளக்கு’. மாற்றும் பொத்தான் ‘கைவசப் பொத்தான்’. வேறு மேடையிலிருந்து யாரும் பறிக்க முடியாதபடி சில படகுகளில் இருக்கும் தடை ‘கைவசப் பூட்டு’. வசம் வடசொல் என்று மதுரை ஐயா வருந்தியிருந்தார். சுக்கானும் அரபியிலிருந்து வந்ததுதானே, ஐயா? நம் கடலோடிகள் புழங்கிப் புழங்கித் தமதாக்கிக்கொண்டார்கள்.

சொல் தெளிவாக இருந்தால்தான் இன்னொரு ஆபத்தையும் எழுத முடியும். மின்னணு நெம்புகோல் உள்ள படகுகளில் ஒரு நேரத்தில் ஒரு மேடைக்கே கைவசம். பெரும்பாலும் நெம்புகோல்கள் நியூட்ரலில் இருக்கும்போதுதான் அதை மாற்ற முடியும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் கரையை அணையும்போது படகு அடிக்கடி நியூட்ரலில்தான் நிற்கிறது. பூட்டு இல்லாவிட்டால், ஒரு சிறு விரல் பொத்தானை அழுத்த அதுவே போதுமான இடைவெளி. சுக்கானோ வேறு கதை. எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் சுக்கானில் இரண்டு சக்கரங்களும் ஒரே குழாய்த் தொடரில் இருக்கும். எந்தப் பொத்தானை அழுத்தினாலும் இரண்டுக்கும் வலு இருந்துகொண்டேயிருக்கும். மேல் சக்கரம் அசையாமல் இருக்க, கீழ்ச் சக்கரத்தைப் பிள்ளை திருப்பினால் படகு திரும்பும். எனவே ‘கைவச மேடை’ என்பது நெம்புகோலுக்கு மட்டும் என்று வரையறையிலேயே எழுதிவிட வேண்டும். எங்கள் படகில் இருந்தது போன்ற கம்பிவட அமைப்பை ‘இரட்டைக் கைவசம்’ எனலாமா?

தாளில் இப்போது இருக்கும் வரிகள் இவை: “இயந்திரத்தை இயக்குமுன் கைவசம் எங்கே என்று உரக்கக் கேளுங்கள். இரட்டைக் கைவசம் என்றால், ஆளில்லாத சுக்கான் மேடைக்கு அருகில் ஒரு பெரியவரை நிறுத்துங்கள். அவர் அங்கிருந்து நகர்வதென்றால் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு நகரட்டும்.”

‘இரட்டைக் கைவசம்’ மட்டும் எனக்கு இன்னும் உறுத்துகிறது: இருவருக்கும் உரிமை என்பது போல ஒலிக்கிறது. ‘பூட்டில்லாக் கைவசம்’ பொருந்துமா? வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது; அதற்குள் எழுதுங்கள்.

அன்புடன்,
ஸ்காபரோவிலிருந்து