லிம்போமா: கீமோ நடுவில் எடுத்த பெட் ஸ்கேன்

குடியாத்தத்திலிருந்து எழுதுகிறேன். தம்பிக்கு ஹாட்ஜ்கின் லிம்போமா, அதாவது ஒரு வகை நிணநீர்ப் புற்றுநோய். வேலூரில்தான் வைத்தியம். ஏபிவிடி கீமோ (நான்கு மருந்துகளின் கூட்டு) 2 சைக்கிள் முடிந்ததுமே பெட் சிடி எடுக்கச் சொன்னார்கள். "எல்லாம் முடியட்டுமே, இப்பவே எதுக்கு இவ்வளவு செலவு?" என்றார் அம்மா. நியாயமான கேள்விதான். ஆனால் மீதி சைக்கிள்களில் என்ன மருந்து ஏறும் என்பதை முடிவு செய்ததே அந்த ஸ்கேன்தான்.

சிடி கட்டியின் அளவைச் சொல்லும். அதற்கு இன்னும் உயிர் இருக்கிறதா என்று பார்ப்பது பெட். ஃப்ளோரின்-18 சேர்த்த சர்க்கரையை ஊசியில் ஏற்றுவார்கள். புற்றுச் செல்கள் அதை அள்ளிக்கொண்டு படத்தில் ஒளிரும். தம்பிக்கு நெஞ்சுக்குள் கட்டி முழுதாகக் கரையவில்லை. ரிப்போர்ட்டில் அதைப் பார்த்ததும் இடிந்துபோனோம். மிச்சமிருப்பது வெறும் தழும்பாக இருக்கலாம், டோவில் ஸ்கோரைப் பாருங்கள் என்றார் டாக்டர். கட்டி எவ்வளவு ஒளிர்கிறது என்பதற்கான மதிப்பெண் அது, 1 முதல் 5 வரை; குறைந்தால் நல்லது. கல்லீரலைவிட அதிகமாக ஒளிராவிட்டால் 3க்குள் நிற்கும். தம்பிக்கு 2! அடுத்த சைக்கிளிலிருந்து அந்த நான்கில் ஒன்றான ப்ளியோமைசினை நிறுத்திவிட்டார்கள். நுரையீரலைக் கெடுக்கக்கூடிய மருந்து அது. இப்படி நிறுத்தலாம் என்பதற்கு 2016இல் வெளியான ஆர்ஏடிஹெச்எல் ஆய்வு ஆதாரம்.

போகிறவர்களுக்கு: முந்தின நாள் கனமான வேலை வேண்டாம். 6 மணி நேரம் வெறும் வயிறு, தண்ணீர் மட்டும். ஊசிக்குப் பிறகு சுமார் ஒரு மணி நேரம் பேசாமல் படுத்திருக்க வேண்டும். வேலூர் வெயிலுக்குப் போர்வை எதற்கு என்று விட்டுவிடாதீர்கள். ஏசி குளிரில் கழுத்துப் பக்கக் கொழுப்பு ஒளிர்ந்து படத்தைக் குழப்பும்.

*

நாங்கள் ஆரணி. அத்தைக்கு வேறு வகை லிம்போமா, டிஃப்யூஸ் லார்ஜ் பி செல். அதற்கான ஆர்-சாப் கீமோ நடுவில் எடுத்த பெட்டில் ஸ்கோர் 4. மருந்தை மாற்றப்போகிறார்கள் என்று பயந்தோம். மாற்றவில்லை. இந்த வகையில் நடுவில் ஒளிர்வதெல்லாம் நோய் ஆகாது, அழற்சியும் ஒளிரும், அதை மட்டும் வைத்து மருந்தைக் கூட்டினால் பலன் கூடுவதில்லை என்று விளக்கினார்கள். கீமோ எல்லாம் முடிந்து, சில வாரம் விட்டு எடுத்த ஸ்கேனில் 2க்கு இறங்கியிருந்தது. அப்புறம் ஒன்று: வெள்ளணு கூட்டும் ஊசி சமீபத்தில் போட்டிருந்தால் ஸ்கேன் அறையில் கட்டாயம் சொல்லுங்கள். அதனாலும் எலும்பு மஜ்ஜை முழுக்க ஒளிரும்.