கிறிஸ்துமஸ் முடிந்ததும் மனசு ஏன் காலியாகிறது?

சாட்ஸ்வர்த்வாசி:
இங்கே தென்னாப்பிரிக்காவில் நவம்பர் கடைசியில் பிளாக் ஃப்ரைடே தள்ளுபடி விற்பனை, அப்புறம் போனஸ், டிசம்பர் 16 நல்லிணக்க நாள் விடுமுறை. அதிலிருந்து டர்பன் மால்களில் கார் நிறுத்த இடம் கிடையாது. வெளியே கொளுத்தும் வெயில், கண்ணாடிக்குள்ளே பஞ்சுப் பனி! 25ஆம் தேதி சாயங்காலம் கிழிந்த கலர் பேப்பரை மூட்டை கட்டும்போது, காலையில் ஆராதனையில் என்ன வசனம் வாசித்தார்கள் என்று கேட்டேன். வீட்டில் ஒருவருக்கும் நினைவில்லை. மரியாளும் யோசேப்பும் பிள்ளையை ஆலயத்துக்குக் கொண்டுபோனபோது புறாக்களைத்தான் பலியிட்டார்கள் (லூக்கா 2:24). ஆட்டுக்குட்டிக்கு வசதியில்லாதவர்கள் செலுத்துவது அது (லேவியராகமம் 12:8). அந்த வீட்டுப் பிள்ளையின் பிறந்தநாளுக்கு நாம் கிரெடிட் கார்டைத் தேய்க்கிறோம்.

ஃபீனிக்ஸ் அக்கா:
தம்பி, நீங்கள் சொல்லும் மாலில் கல்லாவில் நிற்பவள் என் மகள். டிசம்பரில் கூடுதல் நேரம் கிடைத்தால்தான் ஜனவரியில் பள்ளி திறக்கும்போது யூனிஃபார்ம் வாங்க முடியும். நானும் ஜூலையிலிருந்து மாசாமாசம் லே-பையில் கட்டி, பேரனுக்கு ஷூ எடுத்தேன். முழுப் பணம் கட்டும்வரை பெட்டி கடையில்தான் இருக்கும். கார்டும் இல்லை, வட்டியும் இல்லை. அன்று ராத்திரி அந்த ஷூவைப் போட்டுக்கொண்டே தூங்கிவிட்டான். இதில் எங்கே வெறுமை? அது வசதி உள்ளவர்களுக்கு வரும் வியாதி.

இசிபிங்கோ மாமா:
நான் இந்து, நடுவில் நுழைகிறேன். லீவு கிடைக்கிற நாளில் சாமி கும்பிட்டுப் பழகியவர்கள் நாங்கள். ஈஸ்டர் லீவு சமயத்தில் எங்கள் மாரியம்மன் கோயில் கூட்டத்தைப் பாருங்கள். அதனால் பண்டிகை நாளையே கடைக்காரன் பிடித்துக்கொண்டான் என்பதை நான் ஒப்பமாட்டேன். போனது வேறு. தீபாவளிக்குப் பக்கத்து வீட்டுக்குப் பலகாரத் தட்டு அனுப்புவோம். வெறும் தட்டைத் திருப்பித் தரக் கூடாது என்று கிறிஸ்துமஸ் அன்று அதில் கேக் வைத்துக் கொண்டுவருவார்கள், உட்கார்ந்து பேசிவிட்டுப் போவார்கள். இப்போது கடையில் வாங்கிய பிளாஸ்டிக் டப்பா. திருப்பித் தர வேண்டியதில்லை, யாரும் வருவதுமில்லை. எங்கள் தீபாவளியும் இதே லட்சணம்தான்.

சாட்ஸ்வர்த்வாசி:
மாமா சொல்வது சரி. அக்கா, பேரன் ஷூவை நான் குறை சொல்லவே இல்லை. என் சண்டை சபையோடு. இந்த வருஷம் பாட்டுக்கும் பிரசங்கத்துக்கும் நடுவே ஹாம்பர் ராஃபிள் டிக்கெட், அதாவது பரிசுக்கூடைக்கான குலுக்கல் சீட்டு, விற்றார்கள். மாலிலிருந்து தப்பித்து எங்கே போவது?

ஃபீனிக்ஸ் அக்கா:
எங்கள் சபையிலும் ராஃபிள் உண்டு. அந்தப் பணத்தில்தான் விதவைகள் வீட்டுக்கு அரிசி, பருப்பு, எண்ணெய் போகிறது. ஆராதனை நடுவே விற்பது தப்பு, ஒத்துக்கொள்கிறேன், வாசலில் விற்கட்டும். ராஃபிளே வேண்டாம் என்றால், கிறிஸ்துமஸ் பிரியாணிக் கறியில் பாதியைக் குறைத்து அந்த அரிசிக்கு நீங்கள் பணம் கட்டுங்கள். நிறுத்தச் சொல்லி நானும் கையெழுத்துப் போடுகிறேன்.